கழற்றி ஏற்றிய வீடு: மரத் தொழிலாளியின் குடியிருப்பும் மரபுரிமை என்கிற சொல்லும்

‘பலகைச் சுவர், தகரக் கூரை, நாலு ரூம். இதுக்கெல்லாமா கட்டுரை எழுதுவாங்க?’ என்று நண்பர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. பழங்கட்டடம் என்றால் நமக்குக் கல். கோயில், கோட்டை, அரண்மனை. மிஞ்சிப்போனால் வெள்ளைக்காரன் கட்டிய ஹைகோர்ட்டு, எழும்பூர் ஸ்டேஷன். கட்டச் சொன்னவன் பெயர் அங்கே கல்லில் இருக்கும். கட்டியவன் ராத்திரி எங்கே படுத்தான் என்பது இருக்காது. அவன் படுத்த இடம் ஓலையாலும் பலகையாலும் ஆனது. நிலைக்க வேண்டும் என்கிற எண்ணமே இல்லாமல் போடப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு வீட்டை ஓர் அரசாங்கம் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கிறது என்றால் அதை வரவேற்பதா, சந்தேகிப்பதா? இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தாக வேண்டியிருக்கிறது என்பதுதான் என் தரப்பு.

இதைப் பொதுப்படையாகப் பேசிப் பயனில்லை. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன்: மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை. அங்கே மரமில் தொழிலாளி குடியிருந்த வீடொன்றில் இரண்டு இரவுகள் வாடகைக்குத் தங்கினேன். அன்றிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிற விஷயம் இது.

அந்த மூலைக்கே உரிய மரங்கள் இரண்டு: ஜாரா, காரி. இரண்டும் யூகலிப்டஸ் இனம். ஊட்டித் தைல மரத்தின் பங்காளிகள் என்று சொன்னால் சட்டென்று புரியும். ஆனால் நாம் பார்த்துப் பழகிய ஒல்லிக் கம்புகளை வைத்து இவற்றைக் கற்பனை செய்ய முடியாது. காரி எண்பது மீட்டர் வரைகூடப் போகும். ஜாரா அவ்வளவு உயரமில்லை. அறுத்தால் உள்ளே ரத்தச் சிவப்பு, கரையான் எளிதில் தொடாது, ஈரத்தில் கிடந்தாலும் சீக்கிரம் மக்காது. இரண்டு பெயர்களும் அந்த நிலத்தின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் மொழியிலிருந்து வந்தவை. மாநிலத்தின் முதல் பெரிய மரமில் ஊருக்கு ஜாராடேல் என்று பெயர் வைத்தார்கள். பாதி நூங்கார், பாதி இங்கிலீஷ். மரத்தின் பெயரை வைத்துக்கொண்டு, பெயர் வைத்தவர்களை அப்புறப்படுத்திய கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஜாராடேல், பெர்த் நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. 1870களின் தொடக்கத்தில் அங்கே மில் வந்தது, ராக்கிங்ஹாம் துறைமுகத்துக்கு ரயில் பாதை போட்டார்கள், மரம் கப்பலேறியது. 1890களில் லண்டன் தெருக்களில் செங்கல் செங்கல்லாக ஜாரா, காரிக் கட்டைகளைப் பதித்துப் பாதை போட்டார்கள். குதிரை வண்டிச் சத்தம் குறையுமாம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டையாக ஜாரா பல நாடுகளுக்குப் போனது, இந்தியாவுக்கும் வந்தது. 1902-ல் பல கம்பெனிகள் ஒன்றாகி, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு மில்லர்ஸ் என்ற ஒரே பெரிய கம்பெனி உருவானது. அதன் ஏகபோகத்துக்குப் பதிலடியாக அந்த மாநிலத்தின் தொழிற்கட்சி அரசாங்கம் 1912 வாக்கில் தானே மில் நடத்தத் துவங்கியது. கல்கூர்லியிலிருந்து போர்ட் அகஸ்டா வரை 1,600 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ரயில் பாதைக்கு, 1912-லிருந்து 1917 வரை, ஸ்லீப்பர் தேவைப்பட்டது. பெம்பர்ட்டன் என்ற ஊர் அதற்காகவே காரிக் காட்டுக்குள் எழுந்தது. காரிக்கு ஒரு குறை, மண்ணில் கிடந்தால் கரையான் தின்றுவிடும். அதனால் சர்க்கரைப் பாகில் ஆர்செனிக் கலந்து மரத்தை அதில் வேகவைத்தார்கள். கரையானுக்குப் பாயசத்தில் விஷம்!

சரி, வீட்டுக்கு வருவோம்.

மில் வைத்த இடத்தில் ஊர் கிடையாது. காடுதான். ஆகவே மில்லோடு சேர்த்துக் குடியிருப்பையும் கம்பெனியே கட்டியது. மில்லில் அறுத்த பலகையே சுவர். ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக்கொள்ளும்படி படுக்கைவாட்டில் ஆணியடித்த பலகைகள். மழை வழிந்து ஓடிவிடும். ஆரம்பக் காலத்து வீடுகளில் உள்பக்கம் சாக்குத்துணியும் அதன்மேல் ஒட்டிய காகிதமும்தான் பூச்சு. கூரை நெளித் தகரம். முன்னால் வராண்டா. நாலு அறை, பின்னால் சாய்ப்பு இறக்கி அடுப்படி. துணி வெளுக்கத் தனிக் கொட்டகை, அதில் விறகு போட்டுக் காய்ச்சும் செப்புத் தொட்டி. கக்கூஸ் கொல்லைக் கோடியில். கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பிடிக்கத் தகரத் தொட்டி. பக்கத்து வீடும் இதே அளவு, இதே முகம். இப்படி வரிசை. மேனேஜர் பங்களா மட்டும் பெரியது, மேட்டில் இருக்கும். கல்யாணமாகாத ஆண்களுக்கு வீடு கிடையாது. ஒருவரோ இருவரோ படுக்கும் சிறு குடில்கள், சாப்பாட்டுக்குப் பொது மெஸ்.

எனக்கு முக்கியமாகப் பட்டது சுவரோ கூரையோ இல்லை, வீட்டுக்கு அடியில் இருப்பது. இந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் கிடையாது. ஒன்றரை முழம், இரண்டு முழம் உயரத்துக்கு ஜாராக் கட்டைகளை நட்டு அவற்றின் தலையில் வீட்டை உட்கார வைத்திருக்கிறார்கள். கரையானைக் கண்காணிக்கலாம், காற்று போகும், சரிவான தரையை வெட்டிச் சமன்படுத்த வேண்டாம் — இதெல்லாம் பொறியாளர் சொல்லும் காரணம். இன்னொரு காரணம் கணக்கப்பிள்ளையுடையது. காட்டின் ஒரு பக்கம் தீர்ந்துபோனால் மில்லைக் கழற்றி அடுத்த பக்கம் கொண்டுபோக வேண்டும். வீட்டையும்தான். கட்டையிலிருந்து தூக்கி, தேவைப்பட்டால் பிரித்து, மரம் ஏற்றுகிற அதே ரயில் வாகனில் ஏற்றிப் புதிய மில்லடியில் இறக்கிவிடுவார்கள். அடுப்பு, அலமாரி, கோழிக்கூண்டு எல்லாம் பின்னாலேயே போகும். மிஞ்சுவது நட்ட கட்டைகளும் இடிந்த புகைபோக்கியும், பெண்கள் வைத்து வளர்த்த ஒன்றிரண்டு பழமரங்களும். காட்டுக்குள் நடக்கும்போது ஆளரவமில்லாத இடத்தில் ஐரோப்பியப் பழமரம் ஒன்று நின்றால் அங்கே மில் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

நிலத்தைத் தொடாத வீடு என்று இதைச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் ‘வேரற்ற தொழிலாளி’ என்று கவிதை பண்ணிவிடக் கூடாது. அசையும் தன்மை வீட்டுக்கு உரியது. அசைக்கும் உரிமை கம்பெனிக்கு உரியது. எங்கே போகலாம், எப்போது போகலாம் என்பதில் உள்ளே குடியிருக்கிறவனுக்குப் பேச்சே இல்லை. வீட்டு வாடகை கூலியில் பிடித்துக்கொள்ளப்படும். வேலை போனால் வீடு போகும். வேலையை விட்டால் வீட்டை விட வேண்டும். ஸ்ட்ரைக் என்று நினைக்கும்போதே பெண்சாதி பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்ற நினைப்பும் சேர்ந்து வரும். முதலாளிக்கு இதைவிட மலிவான போலீஸ் வேறு கிடையாது. கடையும் கம்பெனியுடையது. 1899-ல் அங்கே ‘ட்ரக்’ சட்டம் என்று ஒன்று போட்டுக் கூலியைச் சரக்காகக் கொடுக்காதே, காசாகவே கொடு என்று சொல்ல வேண்டியிருந்தது. காசாக வாங்கினாலும் காட்டுக்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேறு கடை எது? மில் சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும். பல ஊர்களில் மின்சாரமும் மில் என்ஜினிலிருந்துதான். இதில் அரசாங்க மில்லும் தனியார் மில்லும் ஒன்றுதான். ஏகபோகத்தை எதிர்த்து வந்த தொழிற்கட்சி அரசாங்கம் அதே அளவு வீட்டை, அதே வரிசையில், அதே நிபந்தனையில் கட்டியது. பெம்பர்ட்டனில் தொழிலாளியின் வீட்டுக்காரர் அரசாங்கம். 1961-ல் அந்த அரசாங்க மில்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு குழுமத்துக்கு விற்கப்பட்டபோது வீட்டுக்காரர் மாறினார். வீட்டுக்குள் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனைமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். அப்பா ரிடையரானபோது, சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்றார்கள். முப்பத்தெட்டு வருஷம் இருந்த வீடு. காலி பண்ணுகிற அன்றைக்குக் காலையில் அம்மா அடுப்படியை மெழுகிக்கொண்டிருந்தாள். ‘போற வீட்டை எதுக்கும்மா மெழுகுறே?’ என்று கேட்டேன். ‘அடுத்து வர்றவ நம்மளப் பத்தி என்னா நெனைப்பா’ என்றாள். மாஞ்சோலையில் 2024-ல் நடந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பர்மாத் தேக்கில் வளர்ந்த பம்பாய் பர்மா கம்பெனி 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மலை. நாலு தலைமுறை குடியிருந்தவர்களிடம் விருப்ப ஓய்வு எழுதி வாங்கி வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலையோடு கட்டிய வீடு என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் தனிச் சொத்து இல்லை. அங்கே அதைச் சக்கரத்தின்மேல் வைத்தார்கள், நம்மிடம் கல்லால் கட்டினார்கள். காலி செய்யும்போது கல் வீடு அங்கேயே இருக்கும், ஆள் மட்டும் இறங்குவான்.

அடுத்து, யார் இந்த வீட்டில் இல்லை என்று பார்க்க வேண்டும். ஒரு குடியிருப்பை வாசிப்பது என்றால் அதில் இல்லாதவர்களையும் சேர்த்துத்தான் வாசிக்க முடியும். மில்லில் ரம்பத்தடியில் வேலை பார்த்தவனுக்கு நாலு அறை. காட்டுக்குள் மரம் சாய்த்தவன், அகலக் கோடாலியால் கையாலேயே ஸ்லீப்பர் செதுக்கியவன் — இவர்களில் இத்தாலியர்களும் யூகோஸ்லாவியர்களும் நிறைய — சாக்கும் பட்டையும் தகரமும் வைத்துக் கட்டிய காட்டுக் குடிலில் இருந்தார்கள். அந்தக் குடில்களில் பட்டியலில் சேர்க்க என்ன மிஞ்சும்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள், அரசாங்கம் காட்டும் இடத்தில் இரண்டு வருடம் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் சிலரும் இந்தக் காடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நூங்கார் மக்களில் மரவேலை பார்த்தவர்களும் உண்டு. ஆனால் 1905-ல் மேற்கு ஆஸ்திரேலியா போட்ட பூர்வகுடிகள் சட்டம், அவர்களை ஊர்களுக்குள் வரவிடாமல் தடுக்கவும், அரசாங்கக் குடியிருப்புகளுக்குக் கட்டாயமாக அனுப்பவும், பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டம் 1963 வரை ஏதோ ஒரு வடிவத்தில் உயிரோடிருந்தது. மில் தொழிலாளியின் வீடு நிலத்தின்மேல் லேசாக உட்கார்ந்திருப்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு: அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்ற சட்டக் கற்பனையின்மேல்தான் கம்பெனிக்குக் குத்தகை கிடைத்தது. அந்தக் கற்பனையை ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் மாபோ வழக்கில் 1992-ல்தான் தள்ளுபடி செய்தது. தென்மேற்கு முழுவதற்குமான நூங்கார் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2021-ல். ஆக, சுரண்டப்பட்ட தொழிலாளியின் வீடு இன்னொருவரிடமிருந்து பறித்த இடத்தில் நின்றது. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவது நம்முடைய இடதுசாரிச் சொல்லாடலுக்கும் புதிதில்லை.

பெண்களுக்கு அந்த ஊர்களில் கூலி வேலை ஏறத்தாழ இல்லை. வேலை இருந்தது, கூலிதான் இல்லை. மரத்தூளும் மண்ணும் அப்பிய துணி, விறகடுப்பு, சில வீடுகளில் தங்கிச் சாப்பிடும் ஆண்களுக்கும் சேர்த்து வடிக்கும் சோறு. மில்லில் கை போனால், உயிர் போனால், வீட்டின் கதி என்ன என்பதை அவர்கள்தான் முதலில் யோசித்திருப்பார்கள். இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்: மே ஹோல்மன். மரத் தொழிலாளர் சங்கத் தலைவரின் மகள், சங்க ஆபீசில் வேலை பார்த்தவர். அப்பா இறந்ததும் 1925-ல், மில் ஊர்கள் நிறைந்த ஃபாரஸ்ட் தொகுதியில் நின்று ஜெயித்தார். ஆஸ்திரேலியாவில் தொழிற்கட்சி சார்பில் சட்டமன்றம் போன முதல் பெண். மறுவருடமே மரத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ரம்பத்துக்கும் கைக்கும் நடுவே சட்டம் என்று ஒன்று வந்தது. 1939-ல் கார் விபத்துக்குப் பின் இறந்தார். நாற்பத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ‘மரபுரிமை மதிப்பு’ என்கிற சொல்லுக்குப் போக முடிகிறது.

ஆஸ்திரேலியாவில் பழங்கட்டடங்களைப் பேணுவதற்கான அடிப்படை ஆவணம் பர்ரா சாசனம். 1979-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் ஏற்கப்பட்டதால் அந்தப் பெயர். (பர்ராவில் 1850 வாக்கில் சுரங்கத் தொழிலாளிகள் ஓடைக்கரையைக் குடைந்து பொந்துக்குள் குடியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள். சாசனத்துக்குப் பொருத்தமான ஊர்தான்.) ஓர் இடத்தின் மதிப்பை அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று அந்தச் சாசனம் பிரித்துப் பார்க்கிறது. நியாயமான ஆவணம் என்றே சொல்வேன். அழகாக இல்லாத கட்டடத்துக்கும் மதிப்பு உண்டு என்று அது ஒத்துக்கொண்டதால்தான் தொழிலாளி வீடு பட்டியலுக்குள் நுழைய முடிந்தது. பெம்பர்ட்டனின் மில் குடியிருப்பு வரிசை மாநிலப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்றால் அது சின்ன விஷயமில்லை.

அதே சாசனத்தில் ஒரு சரத்து எனக்குப் பிடித்தமானது. ஒரு கட்டடம் நிற்கும் இடமும் அதன் மதிப்பின் ஒரு பகுதி, ஆகவே இடம் மாற்றக் கூடாது என்று முதலில் சொல்கிறது. உடனே விலக்கு கொடுக்கிறது: சில கட்டடங்கள் எளிதில் பெயர்க்கும்படியே வடிவமைக்கப்பட்டவை, சில ஏற்கெனவே இடம் மாறிய வரலாறு உடையவை, நிற்கும் இடத்தோடு முக்கியமான தொடர்பு இல்லையென்றால் அவற்றைப் பெயர்க்கலாம். நம் மில் வீட்டுக்காகவே எழுதியது மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த விலக்கு பொருளைத்தான் பார்க்கிறது, உறவைப் பார்க்கவில்லை. வீடு பெயர்க்கக் கூடியதா என்ற கேள்விக்குத் தச்சர் பதில் சொல்லிவிடுவார். யார் பெயர்த்தார்கள், யாரைக் கேட்டுப் பெயர்த்தார்கள் என்பது தச்சர் வேலையில்லை. அந்த வீட்டின் வரலாற்று மதிப்பே அதை அங்கிருந்து எடுத்துவிட முடியும் என்பதில்தான் இருக்கிறது. பட்டியலில் சேர்த்த அன்றைக்கு முதன்முதலாக அதை யாரும் தூக்க முடியாது என்று ஆகிறது. அதாவது, குடியிருந்தவனுக்கு என்றைக்கும் கிடைக்காத நிலைத்தன்மை வீட்டுக்குக் கிடைக்கிறது; அவன் போன பிறகு.

‘அசல் தன்மை’ என்று இன்னொரு அளவுகோல் உண்டு. வீடு முதலில் கட்டியபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை பெருகினால் வராண்டாவைப் பலகை வைத்து அடைத்துப் படுக்குமிடம் ஆக்கியிருப்பார்கள். கொல்லையில் ஒரு கொட்டகை கூடியிருக்கும். சுவருக்கு நிறம் மாறியிருக்கும். கம்பெனி கொடுத்த ஒரே அளவுச் சட்டையைக் குடும்பம் தன் உடம்புக்குத் தைத்துக்கொண்ட இடங்கள் இவை. கண்ணியமான ஆய்வாளர் எல்லாக் காலத்து அடுக்குகளையும் மதிப்பார். சாசனமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் சுற்றுலாவுக்காகச் செப்பனிடும்போது முதலில் பிரித்துப் போடுவது அந்த அடைத்த வராண்டாவைத்தான். அசலுக்குத் திரும்புகிறோம் என்கிறார்கள். யாருடைய அசல்? கம்பெனி வரைபடத்தின் அசல்.

நெருப்பு எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. 1961 ஜனவரியில் டிவெல்லிங்கப் பகுதியில் பரவிய காட்டுத்தீயில் ஹோலியோக், நாங்கா புரூக் என்ற மில் ஊர்கள் எரிந்தன. மறுபடி கட்டப்படவே இல்லை. எரிந்த இடத்தில் மரம் மிச்சமிருந்தால்தானே ஊர் வேண்டும். மில்லர்ஸ் கம்பெனியின் பட்டறைகள் இருந்த யார்லூப், ரயில் என்ஜினிலிருந்து ரம்பம் வரை செப்பனிட்ட ஊர். பழைய பட்டறைகளையும் மர வார்ப்பு அச்சுகளையும் உள்ளூர் ஆட்கள் பல வருடம் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்கள். 2016 ஜனவரி 7 ராத்திரி தீ வந்தது. இரண்டு பேர் செத்தார்கள். பட்டறைகளும் ஊரின் பெரும்பகுதி வீடுகளும் சாம்பல். ஜாரா கரையானுக்குத்தான் அசையாது.

நான் தங்கியது டானெலி ரிவர் என்ற மில் ஊரில். 1940களின் கடைசியில் பன்னிங்ஸ் கம்பெனி அமைத்தது. (இன்று ஆஸ்திரேலியா முழுக்கச் சுத்தியலும் பெயின்ட்டும் விற்கும் அதே பன்னிங்ஸ்தான், 1886-ல் பெர்த்தில் தொடங்கி இந்தக் காடுகளை அறுத்து வளர்ந்தது.) 1978-ல் மில்லை மூடினார்கள். வீடுகள் விடுமுறை விடுதிகளாயின. நீண்ட காட்டு நடைபாதையான பிபுல்முன் பாதை அந்த வழியாகப் போகிறது. சாயங்காலம் வராண்டாவில் உட்கார்ந்தால் கங்காருகள் வரும், ஈமுப் பறவைகள் வந்து கையிலிருக்கிற ரொட்டியைப் பார்க்கும். விறகடுப்பு மூட்டினேன். பலகையின் வாசனை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் உறுத்தல். தமிழில் ‘காட்டேஜ்’ என்றால் நமக்கு ஊட்டியில், கொடைக்கானலில் டூரிஸ்ட் தங்கும் இடம். இங்கிலீஷில் அது ஏழை உழைப்பாளி வீட்டுக்குப் பெயராக இருந்தது. அந்தச் சொல் நம்மிடம் வரும்போதே தொழிலாளியை இறக்கிவிட்டு வந்திருக்கிறது. இப்போது வீடுகளே நம் அர்த்தத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. வேலை இருக்கும்வரை தங்கு என்றிருந்த வீடு, காசு இருக்கும்வரை தங்கு என்று ஆகியிருக்கிறது.

அப்படியானால் இடித்துவிடலாமா? அதைச் சொல்லவில்லை. அந்த விடுதி இல்லாவிட்டால் அந்த வரிசை பிரிக்கப்பட்டு, பலகை பலகையாகப் பெர்த் நகரத்துச் சாப்பாட்டு மேஜைகளாகியிருக்கும். பழைய ஜாராவுக்கு அங்கே அவ்வளவு கிராக்கி. நான் கேட்பது பட்டியலில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி. ‘நெளித் தகரக் கூரை, பலகைச் சுவர், நல்ல நிலை’ என்பதற்குக் கீழே வாடகை கூலியில் பிடிக்கப்பட்டது, வேலை போனபோது எத்தனை நாளில் காலி செய்ய வேண்டியிருந்தது, இந்த வீடு இதற்குமுன் எந்த மில்லடியில் நின்றது, நூங்கார்கள் இந்த ஊருக்குள் வர முடிந்ததா என்பவையும் வரட்டும். ‘ஹெரிட்டேஜ்’ என்பதற்குப் ‘பாரம்பரியம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ‘மரபுரிமை’ என்றே எழுதுகிறேன். அதில் உரிமை என்ற சொல் மாட்டிக்கொண்டிருக்கிறது, கழற்றுவது சிரமம். வீட்டின்மேல் ஒருபோதும் உரிமை இல்லாதவனின் வீட்டுக்கு அந்தச் சொல்லைப் போடும்போது ஒரு முரண் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

இனி இந்த வீடுகளுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் வந்திருக்கிறது. இயற்கைக் காட்டில் வியாபாரத்துக்கு மரம் வெட்டுவதை மேற்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் 2023 கடைசியோடு நிறுத்திவிட்டது. காட்டுக்காகப் பல பத்தாண்டுகள் மறியல் செய்தவர்களுக்கு அது வெற்றி. மிச்சமிருந்த மில் தொழிலாளிகளுக்கு வேலையிழப்பு. ஒரே சமூகத்தின் இரண்டு முனைகள் மோதிக்கொண்ட அந்த வருடங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சுவரில் ஒரு பலகை உளுத்துப்போனால் பதிலுக்கு ஜாரா எங்கே கிடைக்கும்? காட்டின் நலனுக்காக என்று நெரிசலைக் கழித்துவிடும்போது வெட்டுகிற மரம் கொஞ்சம் வரும். பாக்சைட் சுரங்கத்துக்காகக் காட்டை அழிக்கிற இடங்களிலிருந்து கொஞ்சம் வரும், அதற்குத் தடையில்லை. ஜாராடேலிலேயே 1963-லிருந்து 1998 வரை அந்தச் சுரங்கம் ஓடியது. இரண்டும் வேண்டாமென்றால் பழைய சாமான் யார்டுக்குப் போய், இடித்த வேறொரு வீட்டின் பலகையைப் பொறுக்கி, ஆணித் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துத் திருப்பி அடிக்க வேண்டும்.